துண்டில் மட்டுமா இருக்கிறது பசுமை?

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் திருத்தணியில் வெயிலைச் சொல்லி மாளாது. மலைப்படி ஏறும் பக்தர்களுக்குப் பாதம் பொரிந்துவிடும். பிள்ளைகளோ, "கடற்கரைக்குப் போகலாம்மா" என்று நச்சரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விடுதி விளம்பரங்களைப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஒரு பச்சை இலைப் படம்! 'இயற்கைக்கு இசைந்த விடுதி' என்று ஒரு வரி. அந்த இலைக்காக நாலு காசு கூடக் கொடுக்கவும் நாம் தயார். ஆனால், இலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கிறோமா?

போன வருஷம் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் தங்கினோம். குளியலறையில் ஓர் அட்டை: 'கடலைக் காப்போம், துண்டை மறுபடி உபயோகியுங்கள்.' நல்ல விஷயம்தான். ஆனால் இளநீர் கேட்டால் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலோடு வருகிறது! 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்ட பொருளாயிற்றே அது? என் நாத்தனார் சிரித்துவிட்டாள். "அண்ணி, சோப்பும் கரண்டும் அவங்களுக்கு மிச்சம். அதுக்குக் கடல் பேரைச் சொல்றாங்க, அவ்வளவுதான்!"

வேடிக்கை என்னவென்றால், 'கிரீன்வாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லே இப்படி ஒரு துண்டு அட்டையிலிருந்து பிறந்ததுதான். 1983-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்க மாணவர், பிஜித் தீவுக் கடற்கரை விடுதி ஒன்றில் அந்த அட்டையைப் பார்த்தார். பவளப்பாறைகளைக் காக்கச் சொன்ன அதே விடுதி, மறுபக்கம் கட்டடங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. 1986-ல் அவர் எழுதிய கட்டுரையில்தான் அந்தச் சொல் வந்தது.

சரி, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

கழிவுநீர் எங்கே போகிறது? சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விட்டால் நல்லது.

குளிக்கவும் நீச்சல்குளத்துக்கும் தண்ணீர் ஏது? கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றை அளவில்லாமல் இறைத்தால், உப்புநீர் நிலத்தடியில் ஏறிவிடும். அப்புறம் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள்தான் குடத்தோடு அலைய வேண்டும்.

ராத்திரி கடலைப் பார்த்து விளக்கு எரிகிறதா? ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். வெளிச்சத்தை நோக்கியே நகரும் குஞ்சுகள், கடலை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் போய்விடும். பாவம்!

சான்றிதழ் காட்டினால், அது யாருக்குக் கொடுத்தது என்று பாருங்கள். கோவளம் கடற்கரைக்கு 2021-ல் சர்வதேச நீலக்கொடி கிடைத்தது. தண்ணீரின் தரம், பாதுகாப்பு என்று 33 அம்சங்களைப் பார்த்துத் தருவது அது. ஆனால் கடற்கரைக்குத்தான் அந்தக் கொடி. பக்கத்து விடுதிக்கெல்லாம் இல்லை!

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 'பசுமை', 'இயற்கை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஏமாந்ததாகத் தோன்றினால் 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

வெண்டைக்காயைக்கூட முறித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்கும் அறைக்கு, பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேட்டால் என்ன? தண்ணீர் பாட்டிலும் ஒரு மஞ்சப்பையும் மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.