நீரா பாட்டில் ஏன் விறைக்கிறது?

பொள்ளாச்சித் தோப்பில் வாங்கிய நீராவை, அதாவது தென்னம்பாளையில் வடியும் இனிப்புச் சாற்றை, பாட்டிலில் மூடி போட்டு வெயிலில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரத்தில் பிளாஸ்டிக் பாட்டில் கல் மாதிரி விறைக்கும். திறந்தால் ‘புஸ்’ஸென்று நுரை பொங்கும். ஏன்?

நீராவில் சேர்ந்த ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. 1 கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய அரை கிராம் வாயு. மூடியிருப்பதால் அது வெளியேற முடியாமல் உள்ளேயே கரைகிறது; அழுத்தம் கூடிப் பாட்டில் விறைக்கிறது.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் இதையே அளந்து செய்கிறார்கள். புளித்து முடிந்த பீரில் லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை கலந்து மூடுவார்கள். நுரைக்கு அது போதும். நீராவிலோ லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல்! அத்தனையும் புளித்தால் பாட்டில் வெடிக்கும்.

எப்படித் தடுப்பது? காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஐஸ் பெட்டியில் நீரா இறக்கலாம். குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். பனையேறிகளோ பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அந்தக் காரத்தில் ஈஸ்ட் முடங்கிவிடும்.