இறக்கைநுனி மடல்

இறக்கைநுனி மடல் அல்லது விங்லெட் என்பது வானூர்தி இறக்கையின் முனையில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் சிறு பரப்பு ஆகும். வானூர்தியின் இழுவையைக் குறைத்து எரிபொருளைச் சேமிப்பது இதன் பணி.

செயற்படும் முறை

பறக்கும் வானூர்தியின் இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் மிகுதியாகவும் மேலே குறைவாகவும் இருக்கும். இவ்வேறுபாடே உயர்த்து விசையைத் தருகிறது. ஆனால் இறக்கையின் நுனியில் கீழுள்ள காற்று மேற்புறம் நோக்கிச் சுற்றிப் பாய்கிறது. இதனால் நுனிக்குப் பின்னால் நீண்ட சுழல் ஒன்று உருவாகிறது. சுழல்கள் இறக்கையை ஒட்டிய காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் உயர்த்து விசை சற்றே பின்புறம் சாய்கிறது. அச்சாய்வினால் விளையும் இழுவை தூண்டல் இழுவை எனப்படும்.

மடல் ஒரு சுவர் போல் நின்று காற்றைத் தடுத்துவிடுகிறது எனப் பலரும் எழுதுவதுண்டு. இது முழு உண்மையன்று. மடல் இருந்தாலும் சுழல் உண்டாகும். மடல் அச்சுழலை விரித்து வலுக் குறைக்கிறது. மேலும், நுனியில் சாய்ந்து வரும் காற்று மடலின் மீது படும்போது, பக்கக்காற்றில் செல்லும் பாய்மரத்தைப் போல, முன்னோக்கிய சிறு விசையும் கிடைக்கிறது.

இறக்கை நீளமானால் தூண்டல் இழுவை குறையும். எனில் இறக்கையையே நீட்டிவிடலாமே எனக் கேட்கலாம். ஏர்பஸ் ஏ320 போன்ற வானூர்திகள் நிற்கும் நிலைய இடங்கள் 36 மீட்டருக்கு உட்பட்ட இறக்கை அகலத்துக்கே அமைக்கப்பட்டுள்ளன. மடலுடன் ஏ320-இன் அகலம் 35.8 மீட்டர்.

அம்பத்தூர் ஏரியின் மேல் வட்டமிடும் பருந்தின் இறக்கை நுனியில் சிறகுகள் விரல்கள் போலப் பிரிந்து நிற்பதைக் காணலாம். அவையும் நுனிச்சுழலை மெலிவிக்கின்றன.

வரலாறு

1897-இல் பிரித்தானியப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் இறக்கை முனைத் தகடுகளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வடிவம் நாசா அறிவியலாளர் ரிச்சர்ட் விட்கோம்ப் 1970களில் மேற்கொண்ட ஆய்வின் பயன். எண்ணெய் விலை உயர்ந்திருந்த காலம் அது. 1979-80இல் கேசி-135 வானூர்தியில் பறப்புச் சோதனைகள் நடந்தன.

இந்தியாவில்

ஏர் இந்தியா 1993-இல் பெற்ற போயிங் 747-400 வானூர்திகள் மடல் கொண்டவை. இண்டிகோவின் ஏ320நியோ வானூர்திகளில் உள்ள 2.4 மீட்டர் உயர மடலுக்கு 'சார்க்லெட்' என்று பெயர். கான்பூரில் இந்துசுதான் ஏரோநாட்டிக்சு கட்டும் டோர்னியர் 228-இல் மடல் இல்லை. அதன் இறக்கை நுனி பின்னோக்கிச் சரிந்து கூராக முடிகிறது. இதன் நோக்கமும் அதுவே. போயிங் 787-இலும் சரிந்த நுனியே உள்ளது.

சேமிப்பும் வரம்பும்

சேமிப்பு பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு வரை. 5 டன் எரிபொருள் செலவாகும் ஒரு பறப்பில் 3 விழுக்காடு என்பது 150 கிலோகிராம். ஆனால் மடலுக்கு எடை உண்டு. இறக்கையின் அடிப்பகுதியில் வளைவுச் சுமையைக் கூட்டுவதால் அதனை வலுப்படுத்தவும் வேண்டும். எனவே சென்னை-பெங்களூரு போன்ற குறுந்தொலைவில் ஆதாயம் சிறிது. சென்னை-தில்லி போன்ற நெடும்பறப்பில் அது மிகுகிறது.