தேர் வடம் பிடித்த கொலு பொம்மைகள்

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, அப்புறம் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, பரணில் ஏற்றிவிட்டால் சரி, அடுத்த புரட்டாசி வரை அவற்றை யார் நினைக்கிறோம்? பத்து நாள் ராஜபோகம், மீதி முந்நூற்றைம்பத்தைந்து நாளும் இருட்டறை. படியில் இருக்கும்போதாவது கண் நிறையப் பார்க்கிறோமா என்றால் அதுவும் இல்லை. சுண்டல் வேக வைக்கவும், வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுக்கவுமே நேரம் சரியாக இருக்கிறது. போட்டோ எடுத்தாலோ, ஒன்பது படியும் ஒரே படத்தில்! சீரியல் பல்பு வெளிச்சத்தில் பொம்மையின் முகம் எங்கே, முந்தானை எங்கே என்று தேட வேண்டும்.

ஆகவே எங்கள் வீட்டில் வேறொரு வழக்கம் வைத்திருக்கிறோம். மழையெல்லாம் ஓய்ந்த தை, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பொம்மைகளை மட்டும் பரணிலிருந்து இறக்கி, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், அவற்றுக்கு ஏற்ற சாமான்கள் செய்து வைத்துப் படம் பிடிக்கிறோம். "கொலு பொம்மையை வெளியே எடுக்கலாமா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. கொலு வைத்தபின் விஜயதசமி வரை அசைக்கக் கூடாது என்பதுதான் வழக்கம். மற்ற நாளில் எடுப்பதற்கு எங்கள் மாமியாரே தடை சொல்லவில்லை. கலசத்தையும், தினம் பூஜையில் இருக்கிற விக்கிரகங்களையும் நாங்கள் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

சாமான் செய்வதற்கு முன் ஒரு கணக்கு. சாதாரண மரப்பாச்சி ஐந்தரை, ஆறு அங்குலம் இருக்கும். நாம் ஐந்தரை அடி. ஆக, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். இந்த ஒரு கணக்கு போதும். வாசற்கால் ஏழு அடி என்றால் பொம்மைக்கு ஏழு அங்குலம். கட்டில் ஆறு அங்குலம். நாற்காலியின் உட்காரும் பலகை ஒன்றரை அங்குல உயரம். தீப்பெட்டி நீளம் இரண்டு அங்குலம், அதாவது பொம்மையின் கணக்கில் இரண்டடி டிரங்குப் பெட்டி! மேலே பச்சைத் தாள் ஒட்டி, சாக்லேட் தாளில் ஒரு பூட்டு வைத்தால் கல்யாணச் சீருக்கு ஆயிற்று. கடையில் வாங்குகிற செப்புச் சாமானில் பாதி இந்தக் கணக்குக்கு ஒத்து வராது. ஆறு அங்குலப் பெண் பக்கத்தில் மூன்று அங்குலக் குடம் வைத்தால் அவள் இடுப்பு வரை வரும். வீட்டில் யாருக்காவது அப்படிக் குடம் இருக்கிறதா?

இன்னொரு விஷயம் மண். வெறும் மணலைப் பரப்பிப் படம் எடுத்தால் ஒவ்வொரு மணலும் பாறாங்கல் மாதிரித் தெரியும். செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்துப் பரப்புங்கள், அசல் தெருப் புழுதி. பந்திக்கு வாழையிலை வேண்டுமா? நிஜ வாழையிலையை நறுக்கினால் நடு நரம்பு வராது. நந்தியாவட்டையின் இளம் இலையைப் பறித்து வையுங்கள், நடு நரம்பும் பளபளப்புமாக வாழையிலையேதான். மருதாணிக் கிளை ஒன்றை மண் உருண்டையில் குத்தினால் மரம். சாப்பாட்டுக்கு ரவைதான் சாதம். அரிசி வைத்தால் ஒவ்வொன்றும் கொழுக்கட்டை போல இருக்கும்.

சென்ற முறை நாங்கள் செய்தது அம்மன் தேர். எங்கள் ஊர்க் கார்த்திகைத் தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் ஐந்து தேர் ஓடும் என்பதும், அதில் அம்மன் தேரைப் பெண்கள் மட்டுமே இழுப்பார்கள் என்பதும் இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியாக வரும் சண்டிகேஸ்வரர் தேர் சிறுவர் சிறுமியருடையது. கொலுவில் செட்டியார் கடையும் கல்யாண ஊர்வலமும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நம் ஊர்க் காட்சியை வைக்க வேண்டாமா? தவிர, எங்கள் பொம்மைகளில் ஜோடி இல்லாமல் தனித்து நிற்கும் பெண்கள் நிறைய. பால்காரி, குறத்தி, முறத்தோடு நிற்கிறவள், ஏட்டோடு உட்கார்ந்தவள், கையொடிந்த ராதை. எந்த செட்டிலும் சேராத இத்தனை பேருக்கும் தேர் வடத்தில் இடம் கிடைத்துவிட்டது.

செய்முறையைக் கேளுங்கள். கூரியரில் வந்த கெட்டி அட்டையை மூன்று அடுக்காக மைதாப் பசையில் ஒட்டி, காய்ந்தபின் அடித்தட்டு வெட்டினோம். ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி இரண்டிரண்டாக முதுகொட்டினால் ஒரு சக்கரம், அப்படி நாலு. அச்சுக்குப் பழைய பென்சில். மேல் விதானத்துக்கு உடைந்த குடையின் கம்பிகளும், கிழிந்த பட்டுப் புடவையின் கரையும். தேரில் நாற்புறமும் உருளையாகத் தொங்குமே தொம்பை, அதற்கு அலுமினியத் தாள் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழலைத் துண்டு துண்டாக வெட்டி, கலர்த் துணி சுற்றினோம். எழுது ரப்பரை முக்கோணமாக வெட்டினால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை! வடம் மட்டும் கொஞ்சம் பாடுபடுத்தியது. நூல் கயிறு மெலிசு, தாம்புக்கயிறு தடிமன். கடைசியில் தேங்காய்நார்க் கயிற்றைப் பிரித்து ஒரு புரியை மட்டும் எடுத்துக் கொண்டோம், கால் அங்குலம். பொம்மைகளின் கை வடத்தைப் பிடிக்காதே என்கிறீர்களா? ஆமாம், மரப்பாச்சிக்குக் கை உடம்போடு ஒட்டியே இருக்கும். கயிற்றைத் தோள் பக்கமாக விட்டு, பின்னால் அதே நிற நூலால் ஒரு முடிச்சு. முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. குழந்தைகள் விளையாடும் கலர்க் களிமண்ணைச் சிலர் ஒட்டுவார்கள். அதன் எண்ணெய் வர்ணத்தில் ஊறிக் கறையாகிவிடும், வேண்டாம்.

இனி வெளிச்சம். எங்கள் ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் நேராக மலை முகத்தில் விழும். மேற்கே பார்த்து நின்றால் ராஜகோபுரம், அதன் பின்னால் மலை, முன்னால் பொம்மை, எல்லார் முகத்திலும் வெளிச்சம். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பொம்மையின் முகம் கறுத்து, வானம் வெளுத்துப் போகும். ஆகவே ஊருக்குள் இருப்பவர்களுக்குக் காலை ஆறரையிலிருந்து எட்டு மணிதான் நேரம். கிரிவலப் பாதையில் மலைக்கு அந்தப் பக்கம், ஆதி அண்ணாமலை அருகே வீடு இருந்தால் கணக்கு தலைகீழ், அவர்களுக்கு மாலை. உங்கள் ஊரிலும் பின்னணியில் என்ன வரவேண்டும், அது எந்தத் திசை என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். உச்சி வெயில் யாருக்கும் உதவாது. பொம்மையின் கண் குழியில் நிழல் விழுந்து, அழுது வீங்கின முகம் மாதிரி ஆகிவிடும். காகிதக் கூழ் பொம்மைகளுக்கு அந்தச் சூடும் நல்லதல்ல.

முகத்தின் ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் எதிர்ப் பக்கத்தில் வெள்ளை வேட்டியை நாலாக மடித்துப் பிடித்தால் போதும், வெளிச்சம் பூப்போல வந்து விழும். எவர்சில்வர் தாம்பாளம் வைத்தால் கண் கூசுகிற மாதிரி ஒரே இடத்தில் அடிக்கும், இனாமல் பெயிண்ட் அடித்த பொம்மை இன்னும் மோசமாகப் பளபளக்கும்.

காமிரா வேண்டும் என்றில்லை, வீட்டில் இருக்கிற செல்போன் போதும். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகத்தான் தெரியும். அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரையைத் தொடும் அளவுக்கு வந்துவிடும். படம் தானே நேராகிவிடும். கிட்டே போய் எடுத்தால் பின்னால் இருக்கும் மலை சின்னதாகப் போய்விடும். நாலு தப்படி தள்ளி உட்கார்ந்து ஜூம் வைத்து எடுங்கள், மலை பெரிதாக எழும்பி நிற்கும். 2,668 அடி மலையையும் ஆறு அங்குலத் தேவியையும் ஒரே படத்தில் அடக்குவதற்கு இதுதான் சூட்சுமம். காற்றில் பொம்மை ஆடினால் காலடியில் ஈரமில்லாத மண்ணை அணைத்து வைக்கலாம். மண் பொம்மையை ஈரத் தரையிலோ புல்லிலோ வைக்கவே வேண்டாம்.

மாடி இல்லாதவர்கள் விரூபாக்ஷ குகைப் பாதைக்குப் போகலாம் என்று நினைப்பீர்கள். குரங்கு! பழம் வைத்திருக்கிறீர்களா, பொம்மை வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் அது விசாரிக்காது. பௌர்ணமி கூட்டத்தில் கிரிவலப் பாதையும் ஆகாது. கோயிலுக்குள்ளும் முடியாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. நம் வீட்டு வாசலும் மாடியும் எதற்கு இருக்கின்றன?

தேர்ப் படம் எடுத்த அன்று மாமியாரையும் நாற்காலி போட்டு மாடியில் உட்கார வைத்திருந்தோம். அவருக்கு எண்பது ஆகிறது. வடத்தில் நின்ற ஒவ்வொருத்தியையும் காட்டி, "பாட்டி, இவ யாரு?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மரப்பாச்சி ஜோடி அவர் கல்யாணத்தில் பிறந்த வீட்டில் கொடுத்தது. குறத்தி பண்ருட்டியிலிருந்து மாமனார் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. தேரின் முன்னால் நாங்கள் சும்மா உட்கார வைத்திருந்த, மூக்கு சிதைந்த தவழும் கிருஷ்ணனிடம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "என் தலைச்சன் தங்கலை. அந்த வருஷ நவராத்திரிக்கு வாங்கினது" என்றார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்கே தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

முந்தின கொலுவின்போதுதான் பெங்களூரில் இருக்கும் ஓரகத்தி, "ஃபிளாட்டில் இடமே இல்லை அக்கா, உடைஞ்சதையெல்லாம் கழிச்சிடலாமே" என்று சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அவள் வீட்டுப் பரணை நானும் பார்த்திருக்கிறேன். கழிக்கிற பட்டியலில் முதலில் இருந்தது அந்தக் கிருஷ்ணன்தான். இப்போது அவளே, "அவரை நான் வச்சுக்கறேன்" என்று கேட்டாள். மாமியார் தரவில்லை. "நான் இருக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றுவிட்டார். அதற்கப்புறம் ஓரகத்தியிடம் யாருடையது என்று கேட்டால் தெரிகிற ஏழு பொம்மைகளை அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறோம். ஒரு பக்கம் படம், எதிர்ப் பக்கம் யார் வாங்கினது, எந்த ஊர், மண்ணா கூழா மரமா, எங்கே உடைந்து எதால் ஒட்டினோம் என்ற விவரம். தில்லியில் 1965-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கர் ஒரு பொம்மை மியூசியமே தொடங்கினார். ஹங்கேரி தூதர் கொடுத்த ஒரே ஒரு பொம்மைதான் அதற்கு ஆரம்பம். அங்கே ஒவ்வொன்றும் எந்த நாடு என்று எழுதியிருக்கும். நம் வீட்டில் எழுதாவிட்டால் யார் எழுதப் போகிறார்கள்? ஜப்பானிலும் மார்ச் 3-ம் தேதி பெண் குழந்தைகளுக்காக நம் கொலுப் போலவே படி கட்டிப் பொம்மை வைக்கிறார்கள். முடிந்ததும் சீக்கிரம் எடுத்து வைக்காவிட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகும் என்று அங்கேயும் ஒரு பயம் உண்டாம். எந்த ஊர் ஆனாலும் பாட்டிகள் பாட்டிகள்தான்!

சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. குட்டி வீட்டுக்குள் வைக்கிற எல்.இ.டி. விளக்குகளில் காசு போல வட்டமான பேட்டரி இருக்கிறது. இதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், வாழைப்பழம் கொடுத்துப் பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. திருகாணி போட்டு மூடும் விளக்கை மட்டும் வாங்குங்கள், மாற்றிய பழைய பேட்டரியையும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். மணிகளும் கடுகும் மூக்கில் போகிற வயது மூன்று, நான்கு. கிள்ளி எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளே போகும், டாக்டரிடம் போங்கள். பழைய பொம்மைகளின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வாயில் வைக்க விடாதீர்கள், தொட்டபின் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உடனே ஒட்டும் பசை விரலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் மெதுவாக விடும்.

திரும்பப் பெட்டியில் வைக்கும்போது ஈரத் துணியால் துடைக்காமல், உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் சலித்த மண்ணைத் தட்டிவிடுங்கள். நேராக நியூஸ்பேப்பரில் சுற்றினால் மை ஒட்டும், முதலில் நூல் துணி, அதன்மேல் பேப்பர். தொம்பை, வடம், சக்கரம் எல்லாவற்றையும் தனியே ஒரு டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் முட்டுக்கட்டையை யாராவது ரப்பர் என்று பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.