எஸ்.எல்.எம்.சி. என்றால் எது?

"எஸ்.எல்.எம்.சி. ரிசல்ட் வந்துட்டா காக்கா?"

அக்கரைப்பற்றுக் குடும்பமொன்றின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால், இரண்டு விதமான பதில் வரலாம். தேர்தல் காலமென்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ். 1981 இல் காத்தான்குடியில் எம்.எச்.எம். அஷ்ரப் தொடங்கிய அந்தக் கட்சியை இந்தக் கரையோரத்தில் அறியாதவர் இல்லை. ஆனால் வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளை இருக்கும் வீட்டில் அதே நான்கு எழுத்து இலங்கை மருத்துவ சபையைக் குறிக்கும். இங்கே வைத்தியராகப் பதிவு பெற அந்தப் பிள்ளை எழுதும் பரீட்சை அந்தச் சபையின் பொறுப்பில் நடப்பது. கல்முனையில் அஷ்ரபின் பெயர் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலையில் இந்த இரண்டு பொருளும் ஒரே விறாந்தையில் நடமாடுகின்றன. 'ரிசல்ட்' என்ற சொல்லும் கைகொடுக்காது. கட்சிக்கும் ரிசல்ட் உண்டு, பரீட்சைக்கும் ரிசல்ட் உண்டு.

இப்படிச் சுருக்கப் பெயர்கள் மோதிக்கொள்வதற்குக் கணக்கிலேயே காரணம் இருக்கிறது. நாட்டின் பெயருக்காக எஸ்., எல். என்ற இரண்டு எழுத்து முன்னால் போய்விட்டால், அமைப்புகளைப் பிரித்துக் காட்ட மிஞ்சுவது இரண்டே எழுத்து. ஆங்கில எழுத்துகள் 26 என்பதால் 26 × 26, அதாவது 676 சுருக்கங்களே கிடைக்கும். 676 அமைப்புகள் வரை மோதல் வராது என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் சுருக்கங்களைக் குருட்டாம்போக்கில் பகிர்ந்து கொடுத்தால், வெறும் 31 அமைப்புகள் சேர்ந்தவுடனே ஏதாவது இரண்டு ஒரே சுருக்கத்தில் வந்து நிற்பதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். 31 பெயர்களுக்குள் 465 சோடிகள் இருப்பதே காரணம். ஒரு மண்டபத்தில் 23 பேர் கூடினாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டுவதும் இதே கணக்கால்தான். நிஜத்தில் நிலைமை இன்னும் நெருக்கமானது. முஸ்லிம், மெடிக்கல், முனிசிபல், மினிஸ்ட்ரி எல்லாம் 'எம்' இல் தொடங்குகின்றன; காங்கிரஸ், கவுன்சில், கொலேஜ் எல்லாம் 'சி' இல்.

எம்.ஓ.எச். இதற்கு இன்னோர் உதாரணம். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே வந்த பதவி, சுகாதார வைத்திய அதிகாரி. எங்கள் ஊர்களில் எம்.ஓ.எச். என்றால் அந்த அதிகாரி. அவருடைய அலுவலகமும் எம்.ஓ.எச். தான். கொழும்பில் இருந்து வரும் ஆவணத்திலோ அது சுகாதார அமைச்சாகவும் இருக்கலாம். 2020 இன் இறுதியில் அக்கரைப்பற்றில் கொவிட் பரவியதுபோன்ற ஒரு வேளையில், 'எம்.ஓ.எச். அறிவித்தல்' என்று மட்டும் கைமாறும் செய்தி ஊருக்கு உரியதா, நாட்டுக்கே உரியதா? 'பிரிவு' என்ற ஒரு சொல் சேர்ந்தால் போதும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறிவியலாளர்களும் இந்தச் சிக்கலுக்குத் தப்பவில்லை. அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான ஏட்ரியன் பார்னெட், சோயி டபிள்டே இருவரும் 1950 முதல் 2019 வரை வெளியான 2 கோடி 40 இலட்சம் ஆய்வுத் தலைப்புகளையும் 1 கோடி 80 இலட்சம் ஆய்வுச் சாரங்களையும் அலசினார்கள். அகப்பட்டவை ஏறத்தாழ 11 இலட்சம் வெவ்வேறு சுருக்கப் பெயர்கள். அவற்றில் 79 சதவீதம் பத்துத் தடவைகூடப் பயன்படவில்லை. யூ.ஏ. என்ற ஒரு சுருக்கத்துக்கு மருத்துவத்தில் மட்டும் 18 பொருள்!

இத்தனைக்கும் நாம் அநேகமாகச் சரியாகவே விளங்கிக்கொள்கிறோம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி 1979 இல் செய்த பரிசோதனை அதற்கு வெளிச்சம் தருகிறது. இரு பொருள் கொண்ட சொல்லைக் கேட்ட கணத்தில் இரண்டு பொருளுமே மூளையில் விழித்துக்கொள்கின்றன. நொடிக்கும் குறைந்த நேரத்தில், சூழலுக்குப் பொருந்தாதது அடங்கிவிடுகிறது. ஆனால் ஒருவர் ஒரு பொருளை மட்டுமே அறிந்திருந்தால், விழிப்பதற்கு இன்னொன்று இல்லை. தாம் பிழையாக விளங்கிக்கொண்டதை அவருக்கு உணர்த்தவும் எதுவும் இல்லை.

எழுதுபவரின் நிலை இன்னும் சங்கடமானது. 2005 இல் வெளியான ஜஸ்டின் க்ரூகர் குழுவினரின் ஆய்வில், மின்னஞ்சலில் தாம் கேலியாக எழுதியதா, உண்மையாக எழுதியதா என்பதை வாசிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுகொண்டதோ 56 சதவீதம். நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். தன் மனத்தில் இருப்பது மற்றவர் மனத்திலும் இருக்கிறது என்ற எண்ணம் நம் எல்லாருக்கும் பொதுவானது. முன்பு கட்சிக்காரர் கட்சிக்காரரோடும், வைத்தியர் வைத்தியரோடும் பேசியபோது அந்த எண்ணம் பெரிதாகப் பிழைக்கவில்லை. இன்று ஒரே குழுவில் வாப்பா, கட்டாரில் வேலை செய்யும் சாச்சா, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் எல்லாரும் இருக்கிறார்கள்.

சுருக்கம் என்பதே கெட்டதல்ல. தமிழ் பேசும் முஸ்லிம்களின் எழுத்தில், பிரார்த்தனை வாசகங்களின் சுருக்கங்களான (ஸல்), (ரலி), (அலை) என்பவை நெடுங்காலமாகக் குழப்பமின்றி வாழ்கின்றன. வாசிக்கும் சமூகம் முழுவதும் அவற்றை அறிந்திருக்கிறது. புனிதர் ஒருவரின் பெயருக்குப் பின்னால், அடைப்புக்குறிக்குள் என்ற இடமும் மாறுவதில்லை. அதனால் இந்தக் கடற்கரையிலும் (அலை) என்று கண்டு எவரும் கடலை நினைப்பதில்லை. பகிர்ந்த அறிவும் நிலையான இடமும் இருந்தால் சுருக்கம் பத்திரமானது.

அவை இல்லாதபோது உயிருக்கே ஆபத்து வரலாம். இன்சுலின் அளவை எழுதும்போது 'யூனிட்' என்பதற்குப் பதிலாக 'யூ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால், கையெழுத்தில் அது பூச்சியம்போலத் தெரியும். 4 அலகு 40 ஆகிவிடும். எம்.எஸ். என்பது வலி தணிக்கும் மோர்பின் சல்பேட்டாகவும் இருக்கலாம், மக்னீசியம் சல்பேட்டாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜொயின்ட் கமிஷன், 2004 இல் இவற்றைப் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. அலகு என்பதை முழுச் சொல்லாக எழுதுவதே அங்கு விதி.

நாமும் அந்த விதியை வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். மருந்து, இரத்தம், பரீட்சை, காணி, பணம் ஆகிய ஐந்திலும் சுருக்கமே வேண்டாம். மற்றவற்றில், முதல் தடவை பெயரை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கலாம். விளங்காதவர் தயங்காமல் "எந்த எஸ்.எல்.எம்.சி.?" என்று கேட்க வேண்டும், கேட்டவரை மட்டம்தட்டாமல் பதில் சொல்ல வேண்டும். எழுதுபவர் மிச்சம் பிடிப்பது சில விநாடி. குழுவில் நூறு பேர் இருந்தால், அந்த நூறு பேரும் ஆளுக்கொரு ஊகத்தில் இறங்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையை எழுதுபவரே ஏற்பதுதான் நியாயம்.