மலைச்சரிவில் மனைமுற்றம்

முற்றம் என்றவுடன் எம்மவர் பலருக்கு யாழ்ப்பாணத்து நாற்சார் வீடே நினைவுக்கு வரும். நாற்புறமும் அறைகளும் தாழ்வாரமும் சூழ, நடுவே வானம் பார்த்த வெளி. கூரைநீர் அதனுள் வீழ்ந்து வாய்க்கால்வழி வெளியேறும். இலங்கையின் பழைய வீடுகளில் இருந்த நடுமுற்றத்தைப் புதுக்கி, ஜெஃப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வா அம்மையாருக்குக் கொழும்பில் அமைத்த வீடு, நகர நெருக்கத்திலும் தனிமையான முற்றம் இயலும் என்பதைக் காட்டிற்று. பதுளைப் பகுதியில் வீடு கட்ட எண்ணும் பழைய மாணவருக்கும் அத்தகைய ஆசை எழுதல் இயல்பே. ஆயினும் சமதரைக்கு ஏற்ற அவ்வமைப்பை ஊவாவின் சரிவுக்கு அப்படியே பெயர்த்துக் கொணர்தல் தகாது.

எமது தோட்டப்புறங்களில் முற்றம் நெடுங்காலம் பொதுவாகவே இருந்தது. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா. அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அதற்கப்பால் லயத்தார் அனைவருக்கும் உரிய வாசல். குளிப்பது பீலியில், எல்லோர் கண்ணெதிரே. தனிமை துரையின் பங்களாவுக்கே உரியதாயிற்று. அப்புத்தளையிலே தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிமுடித்த அடிசம் மாளிகையின் தோட்டத்தை இன்றும் சென்று காணலாம். இத்தகைய பூந்தோட்டங்களைப் பேணிய கைகளுக்குத் தமக்கென ஒரு சாண் நிலமும் இருந்ததில்லை.

இந்நிலை இப்பொழுது சிறிது மாறியுள்ளது. லயங்கள் இன்னும் ஒழிந்துவிடவில்லை. எனினும் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் மத்திய, ஊவா மாகாணங்களில் எழுந்த தனிவீடுகள் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி அளவின. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு போக 1,350 சதுர அடிக்குமேல் எஞ்சும். கணக்கிற் பெரிதுதான், சரிவிலோ அதிற் பெரும்பங்கை வெட்டுமேடும் படிகளும் விழுங்கிவிடும்.

ஆதலின் முற்றம் வகுப்போர் பூச்செடியை எண்ணுமுன் நீரை எண்ணுதல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவினுள் மறைந்ததை நாம் மறத்தற்கில்லை. ஒக்டோபர் முதல் சனவரி வரை ஊவாவிற் கடுமழை. வீட்டிடத்துக்காகச் சரிவை வெட்டுங்கால் பின்னே செங்குத்தான மேடும், முன்னே இறுகாத நிரப்புமண்ணும் உண்டாகின்றன. மேட்டின் தலையில் ஒரு கான், அடியில் ஒரு கான் வெட்டுக. 120 அடிக்கு ஓரடி இறக்கம் இருந்தால் நீர் மண்ணை அரியாது செல்லும். தேயிலை மலையிற் கான் வெட்டிய எம் முன்னோருக்கு இக்கணக்குப் புதிதன்று. கொம்பனி மண்ணைக் காத்த அவ்வித்தை இனிச் சொந்த மனையைக் காக்கட்டும். கூரைநீரையும் தகரப்பீலியால் ஏந்திக் கானிற் சேர்த்து, கல் பதித்த வழியால் ஓடைவரை கொண்டுசெல்க. கீழ்வீட்டார் தலைமேல் அதனைத் திருப்பிவிடுவது அறமும் அன்று, காப்பும் அன்று.

நடுமுற்றக் குழியும் தாமரைத் தடாகமும் நிரப்புமண்ணில் வேண்டா. ஊறிய நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டிப் பிடிப்பைத் தளர்த்தும். இடம் பெருக்குவதற்காக மேட்டின் அடியைச் சுரண்டுவது அதனினும் கொடிது; இதுவே யாண்டும் காணப்படும் பிழை. நிலத்தில் வெடிப்போ, மரச்சாய்வோ, திடீரெனக் கலங்கலாய் ஊறும் நீரோ கண்டால் குடும்பத்தோடு உடனே வெளியேறுக. ஆழ்ந்து நகரும் மலையை எந்தத் தோட்டமும் தடுக்காது. ஆகவே வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

மறைப்புக்கு மதிலினும் வேலி நன்று. நீர்த்துளையில்லா மதில் நீரைத் தேக்கித் தானும் சாயும். செவ்வரத்தையும் ஆடாதோடையும் நெருக்கி நட்டு, ஐந்தடி உயரத்திற் கவ்வாத்துச் செய்துவந்தால், உள்ளே அமர்ந்திருப்போர் வழிப்போக்கர் கண்ணிற் படார். யூலை, ஆகஸ்ட் மாதங்களில் மேற்கு மலைகளைத் தாண்டி வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்கு மணம் தருவது. சட்டியில் வைத்த செடிகளையோ அது கருக்கிவிடும். அத்திசை வேலி இரட்டை வரிசையாதல் நலம்.

வெட்டுமேட்டின் முகத்தில் வெட்டிவேரைக் குறுக்கு வரிசைகளாக நடுக. ஆனைக்கொய்யா போன்ற பெருமரங்கள் மேட்டு விளிம்பில் ஆகா. காற்றில் ஆடி மண்ணைப் பெயர்க்கும். அடுக்களைப் பக்கம் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், கிழக்கே துளசியும் போதும்.

நடுவே 10 அடிக்கு 12 அடி நிலத்தில் ஒன்றும் நடாது விடுக. பழைய காம்பரா ஒன்றின் அளவு அது. பிள்ளை அமர்ந்து படிக்கவும், பெண்கள் கூந்தல் உலர்த்தவும், தைப்பொங்கலன்று மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டவும் அவ்விடம் தாராளமாகக் காணும்.