மீனுக்கு வைக்கும் பரீட்சை

பலமனேரைத் தழுவி ஓடிக் குடியாத்தம் வழியே பாலாற்றில் கலக்கும் கௌண்டின்ய நதிக்கரையிலோ, நம் ஊர்க் கோயில் குளத்துப் படியிலோ அமர்ந்து நாள்தோறும் பொரி இறைக்கும் ஒருவர், சில நாட்களில் தம் நிழல் விழுந்த மாத்திரத்திலேயே மீன்கள் திரண்டு வருவதைக் காண்பார். அவ்விதம் கண்ட பின்பும் மீனுக்கு ஞாபகசக்தி சில விநாடிகளே என்று கூறுவது பெரும் அநியாயம்.

ஆனால் மீன் கற்கிறது என்று சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம். இதற்கென விஞ்ஞானிகள் விரும்பி எடுத்துக்கொண்டது வரிக்குதிரை மீன். நம் தேசத்துப் பிராணியான அதனைப் பிரான்ஸிஸ் ஹாமில்டன் 1822-ல் வர்ணித்தார். 1970-களில் அமெரிக்காவின் ஓரிகன் சர்வகலாசாலையில் ஜார்ஜ் ஸ்ட்ரைஸிங்கர் அதை ஆய்வுக்கூடத்துக்கு உரியதாக்கினார். குஞ்சுப் பருவத்தில் அதன் உடல் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால், மண்டையைத் திறவாமலே மூளையின் நரம்பணுக்கள் தொழிற்படுவதைப் பார்க்க முடிகிறது.

பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்ஸலா திருமலையும் சகாக்களும் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உயர்ந்த உதாரணம். குஞ்சை அகர் கூழில் நிறுத்தி, வாலை மட்டும் அசையவிட்டு, நீரோட்டம் தன்னை அடித்துச் செல்வதாக அது எண்ணும்படி கோடுகளை நகர்த்தினார்கள். சீரான இடைவெளியில் அக்காட்சி திரும்பத் திரும்ப வந்தபோது, மீன் அதை எதிர்பார்த்து முன்னிலும் விரைவாக நீந்தத் தொடங்கியது. சிறுமூளை சேதப்பட்ட குஞ்சுகளிடம் அந்த விரைவு காணப்படவில்லை.

கவனத்தைச் சோதிப்பது இதனினும் நுட்பமானது. லண்டன் குயீன் மேரி சர்வகலாசாலையில், முழு வளர்ச்சி பெற்ற மீனுக்கு, எலிகளுக்காக வகுத்த முறையைத் தழுவி, வரிசையாகச் சில விளக்குகளை வைத்தார்கள். எது மின்னியதோ அதனருகே சென்றால் இரை. மின்னுமுன் பாய்ந்தால் அது பொறுமையின்மை. மின்னியும் போகாதிருந்தால் அது கவனக் குறைவு. எனினும் பசியற்ற மீனும், அஞ்சிய மீனும் போகாமல்தான் இருக்கும். ஆகையால் விடை தவறியபோதெல்லாம் மீனைக் குறை கூறாமல், கேள்வி அதற்குப் புரியும் வகையில் கேட்கப்பட்டதா என்று முதலில் ஆராய்பவனே மெய்யான சோதனையாளன் என்பது என் துணிபு.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்போர் தினந்தோறும் ஒரே மூலையில், ஒரே சமயத்தில், கண்ணாடியை மெல்லத் தட்டிவிட்டு இரை இடுங்கள். பத்து நாள் கழித்துத் தட்டுவதோடு நிறுத்தி, மீன் எங்கே வந்து நிற்கிறது என்று குழந்தைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பின் மறவாமல் இரையையும் இட்டுவிடுங்கள்.