டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்!

சென்னை ஜி.பி. ரோட்டிலோ, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு அருகிலோ உள்ள ஸ்பேர்ஸ் கடைக்குப் போய், காருக்கு இன்ஜின் ஆயில் வேண்டும் என்று கேளுங்கள். "என்ன வண்டி?", "பெட்ரோலா, டீசலா?" என்று இரண்டு கேள்விகள் வரும். அடுத்த நிமிடம் மேசை மேல் ஒரு டப்பா வந்துவிடும். "மேனுவல்ல என்ன போட்டிருக்கு?" என்ற மூன்றாவது கேள்வியைக் கடைக்காரர் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தப் பதில் தெரிந்தால் இரண்டு விதமான நஷ்டங்களைத் தவிர்க்கலாம். விலை குறைவு என்று பொருந்தாத ஆயிலை ஊற்றி இன்ஜினைக் கெடுத்துக்கொள்வது ஒன்று. விலை அதிகமானதுதான் நல்லது என்று நம்பி, வண்டி கேட்காத ஆயிலுக்குக் காசைக் கொட்டுவது இன்னொன்று. கார் தயாரித்த நிறுவனம் எந்தத் தரத்தைக் கேட்கிறதோ, அந்தத் தரம் உள்ள ஆயில்களில் விலை குறைந்ததை வாங்கினால் போதும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று குறிப்புகள்

காருடன் வந்த ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். தொலைந்திருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே அதை வைத்திருக்கின்றன. இன்ஜின் ஆயில் பற்றிய பக்கத்தில் பொதுவாக மூன்று விவரங்கள் இருக்கும். முதலாவது, ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு. 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்பவை இந்த வகை. இரண்டாவது, ஏ.பி.ஐ., ஏ.சி.இ.ஏ. போன்ற பொது அமைப்புகளின் தரக் குறியீடு. மூன்றாவது, சில நிறுவனங்கள் மட்டும் கேட்கும் சொந்த அங்கீகார எண். இந்த மூன்றும் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். முன்பக்கத்தில் பெரிதாக மின்னுவதெல்லாம் விளம்பரம்.

'தண்ணி மாதிரி ஆயில்' கெட்டதா?

கிரேடில் உள்ள 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ வகை ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் மைனஸ் 40 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட குளிர் கிடையாது. நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். 100 டிகிரி செல்சியஸில், அதாவது இன்ஜின் சூடாகி ஓடும் நிலையில், ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அது காட்டுகிறது. பாகுத்தன்மையை அளக்கும் சென்டிஸ்டோக்ஸ் அலகில் 20 கிரேடு 6.9 முதல் 9.3 வரையிலும், 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரையிலும், 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரையிலும் இருக்க வேண்டும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு இந்த 20 நம்பர் எல்லாம் தண்ணி மாதிரிங்க. 15டபிள்யூ-40 ஊத்துங்க, வண்டி கல்லு மாதிரி நிக்கும்" என்று சொல்லும் மெக்கானிக்கை எல்லோரும் சந்தித்திருப்போம். பழைய இன்ஜின்களில் பழகிய கை அது. அந்த வண்டிகளுக்கு அது சரியாகவும் இருந்தது. ஆனால், வெளியே வேலூர் வெயில் அடித்தாலும் கொடைக்கானல் குளிர் வீசினாலும், தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் சேர்ந்து இன்ஜினின் வெப்பத்தை ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்துவைக்கின்றன. 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 கேட்கும் புதிய இன்ஜின்களில் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் அந்த மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புக்குப் போகும் ஆயில் வழிகளும் மிகக் குறுகலானவை. அங்கே கெட்டி ஆயிலை ஊற்றினால் மைலேஜ் குறையும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் மேல் பாகங்களுக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும்.

சில மேனுவல்களில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடுகளைப் பட்டியலிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அவற்றுக்குள் விலை பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலுக்கு வெளியே போக வேண்டாம்.

எழுத்துகளின் வரிசை

அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்தான் ஏ.பி.ஐ. பெட்ரோல் இன்ஜின் ஆயில்களுக்கு 'எஸ்' என்று தொடங்கும் குறியீட்டை அது தருகிறது. எஸ்.என். 2010இல் வந்தது, எஸ்.பி. 2020இல் வந்தது. இந்த வரிசையில் புதியது பழையதற்கும் பொருந்தும். மேனுவலில் எஸ்.என். என்றிருந்தால், அதே கிரேடில் எஸ்.பி. ஆயிலைத் தயங்காமல் ஊற்றலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது. குறிப்பாக டர்போ வைத்த, சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறிய இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் சிக்கல் உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு இது. ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மானங்கள் இதைத் தூண்டுவது தெரியவந்தபின் கலவையை மாற்றினார்கள். இதற்கான சோதனையில் தேறிய ஆயில்தான் எஸ்.பி. குறியீட்டைப் பெற முடியும்.

ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்கள் சங்கமான ஏ.சி.இ.ஏ.வின் குறியீடுகளை இப்படி ஏணியாகப் பார்க்கக் கூடாது. அதில் சி2, சி3, சி5 என்பவை வெவ்வேறு தேவைகளுக்கான வெவ்வேறு ஆயில்கள். எண் பெரிதாக இருப்பதால் உசத்தி என்று ஆகிவிடாது.

பி.எஸ். 6 டீசல்காரர்கள் கவனிக்க

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரித்துகள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை இன்ஜின் அவ்வப்போது அதிக வெப்பத்தில் எரித்துத் தீர்த்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பலாகின்றன. அடுப்பில் விறகு எரிந்து தீர்ந்துவிடும். சாம்பலை அள்ளித்தானே கொட்ட வேண்டும்? வடிகட்டிக்குள் கைவிட்டு அள்ள முடியாது. அது அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். புதிதாக மாற்றுவது பெருஞ்செலவு.

அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். ஏ.சி.இ.ஏ. சி3 வகையில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏ3/பி4 வகையில் அது 1.6 சதவீதம் வரை போகலாம். இரண்டுமே 5டபிள்யூ-40 கிரேடில் கிடைக்கும், இரண்டு டப்பாக்களிலும் 'ஃபுல்லி சிந்தெட்டிக்' என்றே எழுதியிருக்கும். பின்பக்கத்தைப் படிக்காமல் வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் கேட்கும் "டீசலா?" என்ற கேள்வி இங்கே போதாது. பி.எஸ். 4 வண்டியா, பி.எஸ். 6 வண்டியா என்பதை நாமே சொல்ல வேண்டும்.

அங்கீகாரம் வேறு, 'பொருந்தும்' என்பது வேறு

ஃபோக்ஸ்வேகன், மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. போன்ற நிறுவனங்கள் பொதுத் தரத்தோடு நிற்பதில்லை. ஆயில் நிறுவனம் தன் கலவையைக் கார் நிறுவனம் சொல்லும் இன்ஜின் சோதனைகளுக்கு உட்படுத்தி, தேறினால் அங்கீகாரக் கடிதம் பெற வேண்டும். அப்படிப்பட்ட டப்பாவில் 'அப்ரூவல்' அல்லது 'அப்ரூவ்டு' என்ற சொல்லும், அதனுடன் எம்.பி. 229.51, வி.டபிள்யூ. 504 00 என்பது போன்ற எண்ணும் இருக்கும்.

'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்', 'ரெகமண்டட் ஃபார்' என்ற சொற்கள் இருந்தால், அந்தத் தரத்துக்கு ஈடானது என்று ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்கிறது என்று பொருள். அது பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆனால் கார் நிறுவனம் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. வாரண்டி காலத்தில் இந்த வேறுபாடு உங்கள் பையைத் தொடும்.

எண்களிலும் கவனம் வேண்டும். மெர்சிடிஸின் 229.5க்கும் 229.51க்கும் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் பின்னதுதான் சாம்பல் குறைந்தது. ஃபோக்ஸ்வேகனின் 508 00 மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில். எண் பெரிது என்று அதை 504 00 கேட்கும் பழைய இன்ஜினில் ஊற்றக் கூடாது. சந்தேகம் வந்தால், மெர்சிடிஸ் தான் அங்கீகரித்த ஆயில்களின் பட்டியலை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஏ.பி.ஐ.யும் தன்னிடம் உரிமம் பெற்ற ஆயில்களைத் தேடிப் பார்க்கும் வசதியைத் தருகிறது.

நம் ஊரில் அதிகம் ஓடும் ஜப்பானிய, கொரிய, இந்திய வண்டிகளில் பலவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவற்றின் மேனுவல்கள் பெரும்பாலும் கிரேடையும் பொதுத் தரத்தையும் மட்டுமே கேட்கின்றன. 0டபிள்யூ-20, எஸ்.என். அல்லது அதற்கு மேல் என்றிருந்தால், ஏ.பி.ஐ. உரிமத்தைக் காட்டும் வட்ட முத்திரை உள்ள எந்த நிறுவனத்தின் ஆயிலும் போதும்.

மலிவானது எப்படித் தேறுகிறது?

விலை குறைந்த ஆயிலும் விலை கூடிய ஆயிலும் ஒரே அங்கீகாரத்தைப் பெற முடியுமா என்று சந்தேகம் எழலாம். முடியும். இன்ஜின் ஆயிலில் பெரும்பகுதி கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் அடிப்படை எண்ணெய். சென்னையை அடுத்த மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது உற்பத்தியாகிறது. மீதி, தேய்மானம் தடுக்கவும் அழுக்கைப் பிரிக்கவும் சேர்க்கப்படும் ரசாயனத் தொகுப்பு. உலகம் முழுவதும் இந்தத் தொகுப்பைப் பெருமளவில் விற்பவை லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் என்ற நான்கு நிறுவனங்கள். டப்பாவின் மேல் உள்ள பெயர் எதுவானாலும், உள்ளே இருக்கும் மருந்து பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவருடையது. விலையில் விளம்பரமும், விநியோகச் செலவும், பெயருக்கான மதிப்பும் சேர்ந்திருக்கின்றன. சர்வோ, மேக், ஹெச்.பி. போன்ற பொதுத்துறை ஆயில்களையும் குறியீட்டை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

'ஃபுல்லி சிந்தெட்டிக்' என்ற சொல்லுக்கு மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. 1999இல் அமெரிக்காவில் மொபில், கேஸ்ட்ரால் நிறுவனங்களுக்கு இடையே எழுந்த விளம்பரத் தகராறில், கச்சா எண்ணெயை மிகத் தீவிரமாகச் சுத்திகரித்து எடுத்த எண்ணெயையும் சிந்தெட்டிக் என்று அழைக்கலாம் என்று முடிவானது. அதன்பின் அந்தச் சொல் வணிகப் பெயராகிவிட்டது. தரத்தைச் சொல்வது குறியீடுதான்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வண்டிக்கு 3.5 லிட்டர் ஆயில் வேண்டும், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 300 ரூபாய் விலை வித்தியாசம் இருந்தால், ஒரு சர்வீஸில் 1,050 ரூபாய் மிச்சம். கிலோமீட்டருக்குச் சுமார் பத்துப் பைசா. ஒரே குறியீடு உள்ள ஆயில்களுக்கு இடையே இது நியாயமான சேமிப்பு. இந்தப் பத்துப் பைசாவுக்காகக் குறியீட்டையே விட்டுக்கொடுத்தால், ஒரு டர்போவை மாற்றும் செலவு பல வருடச் சேமிப்பைத் தின்றுவிடும்.

டப்பாவின் அளவையும் பாருங்கள். 3.5 லிட்டர் ஆயில் கேட்கும் வண்டிக்கு அந்த அளவு டப்பாவே பல பிராண்டுகளில் கிடைக்கிறது. மேனுவல் 10,000 கிலோமீட்டர் என்று சொல்லும்போது 5,000த்திலேயே மாற்றுவதும் வீண் செலவுதான். ஆனால் தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டி, புழுதியிலும் நெரிசலிலும் ஓடும் வண்டி ஆகியவற்றுக்கு மேனுவலிலேயே தனி இடைவெளி சொல்லியிருப்பார்கள். ஓடாமலே நிற்கும் வண்டிக்கும் வருடக் கணக்கு உண்டு. கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு. டீசல் வண்டியில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். ஆயில் தன் வேலையைச் செய்து கரியைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது, பயப்பட வேண்டாம்.

வாரண்டியும் போலி டப்பாவும்

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் உதிரிபாக வழக்கில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே வாரண்டி உள்ளவரை, நீங்களே ஆயில் வாங்கித் தந்தால் ஏற்பார்களா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுவிடுவது பாதுகாப்பு. ஆயில் பெயர், குறியீடு, கிலோமீட்டர் மூன்றும் உள்ள பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

நம்ப முடியாத அளவுக்கு விலை குறைவாக இருந்தால் போலியாக இருக்கலாம். மூடியின் சீல், பேட்ச் எண், தயாரித்த மாதம் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள். லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். டப்பாவை உங்கள் கண்ணெதிரில் பிரித்து ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவை அப்படியே காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். போலி ஆயிலுக்கு அசல் டப்பாதான் முதல் மூலப்பொருள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அதில் ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கி எறியுங்கள்.

அடுத்த சர்வீஸுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மேனுவலில் ஆயில் பற்றிய பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கடைக்காரர் "என்ன வண்டி?" என்று கேட்டால், வண்டிப் பெயரோடு அந்தப் படத்தையும் காட்டுங்கள்.